யாரும் கேட்டு வராத போன்

கற்பிட்டிப் பெரிய தெருவில் ஒரு போன் கடைக்குள் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் என் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் ஒரு பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பாள். கம்பெனி தந்த ஊதா ரீசேட்டைப் போட்டுக்கொண்டு நான் அவளுக்குப் பக்கத்தில் நிற்பேன். காலை ஒன்பது மணிக்கு நிற்கத் தொடங்கினால், பின்னேரம் என் ஊரான கண்டக்குழிப் பக்கம் போகும் பஸ் வரும்வரை அதுதான் வேலை. முதல் மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், ஒரு போனைக்கூட நான் விற்கவில்லை.

கையால் தொட்டுப் பாவிக்கும் போன்கள் எங்கள் பக்கம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. கடைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு வகைதான் தெரியும். ஒன்று, பல கம்பெனிக்காரர் செய்கிற, எல்லா விலையிலும் கிடைக்கிற வகை. மற்றது, வசதியானவர்களின் கையில் மட்டும் காணக்கூடியது. நான் விற்க வந்தது மூன்றாவது வகை. அதன் உள்ளே ஓடுகிற முறையே வேறு. திரையைத் திறந்தால் சின்னச் சின்னப் படங்கள் வராது. பெரிய சதுரங்களும் பெரிய எழுத்துகளும்தான் வரும். எந்த இடத்திலும் இறுகி நிற்காமல் விரல் போன போக்கில் ஓடும். எனக்கு அந்தப் போனை உண்மையாகவே பிடித்திருந்தது. பிடிக்காத சாமானை விற்க நின்றிருந்தால் முதல் கிழமையிலேயே வீட்டுக்குப் போயிருப்பேன்.

புத்தளத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது அந்த வேலை கிடைத்தது. எனக்குச் சிங்களமும் நன்றாக வரும் என்பதால் எடுத்தார்கள். சம்பளம் கொழும்புக் கம்பெனி தரும், நிற்பது கற்பிட்டிக் கடையில். இது என் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"கடைக்காரர் சம்பளம் தராட்டி, அந்தக் கடையில நீ ஆருக்கு வேலை செய்யிற?" என்று கேட்டார்.

"கம்பெனிக்கு அப்பா."

"அப்ப கடைக்காரர் உன்ன ஏன் வச்சிருக்கிறார்?"

யோசித்துப் பார்த்தால், என் வேலையின் சிக்கல் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முதலாளி. ஐம்பது வயது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார், மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர் விற்பனைக்கு நின்றவர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் அவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கற்பிட்டியில் போன் வாங்குகிற பாதிப்பேர் போனைப் பார்த்து வாங்குவதில்லை, நானாவைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். வெங்காயத் தோட்டத்தில் இருந்து சேற்றுக் காலோடு வருகிறவர் உள்ளே எட்டிப் பார்த்து, "நானா, நல்லது ஒண்டு தாங்க" என்பார். நானா எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதுதான் நல்லது.

என் போனை அவர் ஒருநாளும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை எடுக்க வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. யாராவது என் மேசைக்கு வந்து அந்தச் சதுரங்களைத் தட்டிப் பார்த்து, "இது எப்படி நானா?" என்று கேட்டால், "அதுவும் நல்லம்தான்" என்பார். அந்த 'அதுவும்' காதில் விழுந்ததும் வந்தவர் போனைத் திருப்பி வைத்துவிடுவார்.

ஒருநாள் தலைமை ஆசிரியர் ஒருவர் என்னிடம் அரைமணித்தியாலம் கேள்வி கேட்டார். பெரிய எழுத்து அவருக்குப் பிடித்துவிட்டது, கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிந்தது. வாங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நானாவின் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டார். நானா வழமையான பதிலைச் சொன்னார். தலைமை ஆசிரியர் வேறொரு போனை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. பகல் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபடி அவரிடம் நேரடியாகவே கேட்டேன்.

"நானா, என்ர போனில என்ன பிழை? சொல்லுங்க, நான் கம்பெனிக்குச் சொல்றன்."

அவர் கோபிக்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒங்கட போன்ல பிழை இரிக்கிண்டு நான் ஒருத்தருக்கும் செல்லல்ல. ஆனா நான் குடுத்த போன்ல பாட்டு ஏறல்லண்டா, பூட்டத் தொறக்க ஏலாட்டி, அவங்க கம்பெனிக்குப் போக மாட்டாங்க. எனக்கிட்டத்தான் வருவாங்க. எனக்கு ஒங்கட போனப் பத்தி ஒண்டும் தெரியா. தெரியாத சாமான நான் எப்படிக் கையால எடுத்துக் குடுக்குற?"

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். கண்ணாடி அலுமாரியில் தொங்கிய உறைகளில் என் போனுக்குப் பொருந்துவது ஒன்றுமில்லை. திரைக்கு ஒட்டுகிற கண்ணாடியும் இல்லை. கீழே விழுந்து உடைந்தால் மாற்றுவதற்குக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். கடைக்கு வருகிறவர்களுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பது நானாவின் பெரிய வேலை. மற்றப் போன்களுக்கு இரண்டு நிமிடத்தில் ஏற்றிவிடுவார். என் போனுக்குக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு மென்பொருள் போட வேண்டும், அது கடைக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. சிங்களத்தில் குறுஞ்செய்தி வந்தால் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. தமிழ் வரும், ஆனால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும்.

இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காமல் இருந்தேன்.

முதல் போனை ஒரு வெள்ளிக்கிழமை விற்றேன். ஜும்ஆ நேரம். முதலாளியும் நானாவும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். கதவைப் பாதி சாத்திவிட்டு நான் மட்டும் உள்ளே இருந்தேன். ஒரு ராத்தா, முஸ்லிம் அக்காமாரை அப்படித்தான் கூப்பிடுவோம், மூன்று வயதுப் பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கணவர் கட்டாரில் வேலை என்றும், நல்ல போன் ஒன்று வாங்கச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறார் என்றும் சொன்னார். பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போது போனவராம்.

நான் பாடமாக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன். கமராவைக் காட்டினேன். பிள்ளையைப் படம் எடுத்துக் காட்டினேன், படம் அவ்வளவு தெளிவாக வந்தது. ராத்தா சிரித்தார். "வடிவாயிரிக்கி" என்றார். பெட்டியைத் திறந்து, சிம் போட்டு, கையில் கொடுத்தேன். தொழுகை முடிந்து வந்த நானாவிடம் பெட்டி இருந்த வெற்று இடத்தைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே ராத்தா வாசலில் நின்றார்.

"தங்கச்சி, முகம் பாத்துக் கதைக்கிற அது இதுல எங்க இரிக்கி? பக்கத்து வீட்டுப் புள்ளயும் தேடிப் பாத்திச்சி. காணல்ல."

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த நாட்களில் வளைகுடாவில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் ஒரே ஒரு செயலியைத்தான் வைத்திருந்தார்கள். காசு செலவில்லாமல் முகம் பார்த்துப் பேசலாம். அது என் போனுக்கு வந்திருக்கவில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறைத்தேன் என்று சொல்ல முடியாது. விற்க வேண்டும் என்ற ஆசையில் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

"வெள்ளிக்கிழமதான் அவருக்கு லீவு. நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு எடுப்பாருண்டு இவளுக்குப் புதுச் சட்டையும் போட்டு வெச்சிக்கிட்டு இருந்தன்," என்றார் ராத்தா.

என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

எங்கள் பகுதி மனேஜருக்குப் போன் எடுத்தேன். சிலாபத்தில் இருந்தார், சிங்களத்தில் பேசுவார், நல்ல மனிதர்தான். திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாது, அது சட்டம் என்றார். அந்தச் செயலி கூடிய சீக்கிரம் வரும், வாடிக்கையாளரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கும் சீக்கிரம் என்றுதான் சொன்னார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமல் ராத்தாவைப் பார்த்தார்.

"அவருக்குப் பகல் சாப்பாடு எத்தின மணிக்கி?"

"நம்மட நேரம் ரெண்டரைக்கி."

"அப்ப ரெண்டரைக்கி வாங்க. என்ட போன்ல எடுப்பம்."

ராத்தா இரண்டேகாலுக்கே வந்துவிட்டார். பிள்ளைக்கு அதே புதுச் சட்டை. நானா கடையின் பின் அறையில் கதிரை போட்டு, தன் போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து, கட்டார் எண்ணை அழுத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். மெல்லிய பலகைக் கதவு. பேசுவது எங்களுக்குக் கேட்டது. பிள்ளை முதலில் ஒரு சத்தமும் போடவில்லை. "வாப்பாக்கு ஸலாம் செல்லுங்க" என்று ராத்தா இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு திடீரென்று பிள்ளையின் குரல்.

"வாப்பா, முழங்கால்ல காயம். பாருங்க."

அந்தப் பக்கத்தில் இருந்து ஊதுகிற சத்தம் கேட்டது. கட்டாரில் இருந்துகொண்டு அந்த மனிதர் பிள்ளையின் காயத்தை ஊதினார். "இன்னும் ஊதுங்க" என்றது பிள்ளை. அவர் ஊதிக்கொண்டே இருந்தார்.

நானா ஒரு போன் உறையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். முதலாளி கதிரையில் இருந்து எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராத்தா வெளியே வந்ததும் முதலாளி அலுமாரியில் இருந்து வேறொரு போனை எடுத்து, அந்தச் செயலியைப் போட்டுக் கொடுக்கும்படி நானாவிடம் நீட்டினார். நான் விற்ற போனை ராத்தாவிடம் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். ராத்தா போன பிறகு அந்தப் பெட்டியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"கம்பெனி எடுக்காட்டி காரியமில்ல. இது இங்க இரிக்கட்டும். இதுக்கு ஏத்த ஆள் ஒருத்தர் எங்கயாச்சும் இரிப்பாரு. ஒங்களுக்குத்தான் இந்தப் போனத் தெரியும். தேடிப் புடிச்சித் தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். இதற்கு ஏற்ற ஆள் யார் என்ற கேள்வி அன்றுதான் முதன்முதலாக எனக்குள் வந்தது. அதுவரைக்கும் எல்லோருக்கும் விற்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் எங்களையெல்லாம் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். நாடு முழுவதும் கடைகளில் என்னைப்போல் மேசை போட்டு நிற்கிறவர்கள் வந்திருந்தார்கள். ஒரு ஹோட்டல் மண்டபத்தில் குளிரூட்டி போட்டு, போனின் புதிய அழகுகளை எல்லாம் பெரிய திரையில் காட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் பயிற்சி கொடுத்தவர். நான் எழுந்து அந்தச் செயலி எப்போது வரும் என்று கேட்டேன்.

"அதைச் செய்வது வேறு கம்பெனி. எங்கள் போனில் போதிய ஆட்கள் சேர்ந்தால் அவர்களாகவே வருவார்கள்," என்றார்.

"அது வராவிட்டால் ஆட்கள் சேர மாட்டார்களே."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. மாத்தறையில் இருந்து வந்த ஒருவர் தன் ஊரிலும் இதே கதைதான் என்றார். மட்டக்களப்பில் இருந்து வந்த ஒரு அக்கா, அங்கே கடைக்காரர்கள் மேசையையே வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறார்கள் என்றார். பயிற்சி கொடுத்தவர் கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"உண்மையைச் சொன்னால் பிரச்சினை அதுதான். எங்களுக்கும் தெரியும்," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஏனோ மனம் இலேசாக இருந்தது. இவ்வளவு நாளும் எனக்கு விற்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்குகிறவர் செயலிக்காகக் காத்திருக்கிறார், செயலி செய்கிறவர் வாங்குகிறவருக்காகக் காத்திருக்கிறார், கடைக்காரர் இரண்டு பேரும் வரட்டும் என்று காத்திருக்கிறார். முதல் அடியை யார் வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் நிற்கிறார்கள். இதில் என் பிழை எவ்வளவு, மற்றவர் பிழை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. ராத்தாவிடம் கேட்காமல் விட்டது என் பிழை. மற்றது இல்லை.

கடைக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். கம்பெனி எனக்குப் பாவிக்கத் தந்திருந்த போனை நானாவிடம் கொடுத்தேன்.

"ஒரு கிழமை வச்சுப் பாருங்க நானா. விற்க வேணாம். சும்மா பாவிச்சுப் பாருங்க."

"அப்ப ஒங்களுக்கு?"

"அந்தத் திறந்த பெட்டி இருக்குத்தானே. அதை நான் பாவிக்கிறன்."

அவர் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "ஒங்கட கம்பெனி இத முந்தியே செஞ்சிரிக்கலாம்" என்றார். மேசைக்கும் பலகைக்கும் செலவழித்தவர்கள், கையில் எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஒரு போனைக் கொடுக்க நினைக்கவில்லை.

மார்கழி மாதம் சிலாபத்தில் இருந்து என் சித்தியின் மகளும் அவள் கணவரும் டொல்பின் பார்க்க வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு படகுக்காரர் இருந்தார். சீசனில் சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போவார், மற்ற நாட்களில் மீன்பிடிப்பார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். எங்களிடம் காசு வாங்கமாட்டார் என்பதால் அம்மா ஒரு சட்டி நிறைய முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள். நானும் கூடப் போனேன்.

விடியப் பனிப்புகார் மூடியிருந்தது. கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பக்கத்து மீனவர்கள் நுரைச்சோலை மின்சார நிலையப் புகைபோக்கியையும் கோயில் கோபுரத்தையும் வைத்துத்தான் கடலில் இடம் பிடிப்பார்கள். அன்று இரண்டுமே இல்லை. டொல்பின் கூட்டம் இருக்கிற பக்கம் தெரியாமல் மாமா எஞ்சினை நிறுத்தினார். நான் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பிள்ள, படம் எடுக்கிறியா?"

"இல்ல மாமா, மெப் பாக்கிறன். நாங்க எவ்வளவு தூரம் வந்திருக்கிறம் எண்டு."

"இங்க எங்க சிக்னல்? என்ர போன் செத்துக் கிடக்கு."

"இதுக்குச் சிக்னல் வேணாம் மாமா. மெப்ப முந்தியே உள்ளுக்கு இறக்கி வச்சிருக்கிறன். நிக்கிற இடத்த அது மேல இருந்து எடுத்துக் காட்டும்."

அவர் எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பெரிய படகுக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு கருவி இருந்தது. சின்னப் படகுக்கு அதை வாங்க அவருக்கு மனம் வந்ததில்லை. எஞ்சினைப் போட்டு மெதுவாக ஒரு பக்கம் ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். இரண்டு மூன்று தடவை இடம் மாற்றி விட்டார்.

"பதினொரு பாகம். கீழ பார்," என்றார். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற கல் மேடு, மீன் கூடும் இடம். "இந்த இடத்த அதில ஒரு புள்ளி போட்டு வை."

போட்டேன். பிறகு அவர் அரை மணித்தியாலம் எங்களைச் சுற்றிக் காட்டினார். புகாருக்குள் இருந்து டொல்பின்கள் வந்தன. சித்தியின் மகள் எண்ணத் தொடங்கி, எண்ணி முடிக்க முடியாமல் விட்டுவிட்டாள். கூட்டம் கடந்து போன பின் மாமா என்னிடம் திரும்பினார்.

"இப்ப நீ சொல்லு. நான் ஒண்டும் பாக்க மாட்டன். அந்தப் புள்ளிக்கு என்னக் கொண்டு போ."

நான் திரையைப் பார்த்து, வலப்பக்கம், இன்னும் கொஞ்சம், நேரே என்று சொல்லிக்கொண்டு போனேன். நாங்கள் நிற்கிற இடத்தைக் காட்டுகிற பொட்டு அந்தப் புள்ளிக்கு மேல் வந்ததும் நிற்கச் சொன்னேன். அவர் ஈயக்குண்டை இறக்கினார். கயிறு தளர்ந்தது. அதை மேலே இழுத்து, கைகளை விரித்து விரித்து அளந்தார்.

"பதினொரு பாகம்," என்றார். ஈரக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, "கரைக்குப் போய்க் கதைப்பம்" என்றார்.

திங்கட்கிழமை மாமியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். இந்தமுறை நான் விற்கத் தொடங்குவதற்கு முன்னால் இல்லாததை எல்லாம் சொன்னேன். வெளிநாட்டுக்கு முகம் பார்த்துப் பேசுகிற செயலி இல்லை, சிங்கள எழுத்துத் தெரியாது, உறை கிடைக்காது, உடைந்தால் கொழும்புக்குப் போக வேண்டும்.

"எனக்கு வெளிநாட்டில ஆருமில்ல," என்றார் மாமா. "ஒரு மச்சான் பக்கத்தில பாலாவியில இருக்கிறான். அவனோட நான் கதைக்கிறேல்ல."

மாமி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில சும்மா கதைக்கவும் ஏலுமா?" என்று கேட்டாள். நானா சிரித்துவிட்டார். முதலாளிகூடச் சிரித்தார்.

திறந்த பெட்டிதான் வேண்டும் என்று மாமாவே கேட்டார். கடலில் பார்த்தது அந்தப் போன்தானே, இன்னொன்று அப்படி வேலை செய்யுமோ தெரியாது என்றார். பொலித்தீன் பையில் சுற்றி, கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். வெயிலில் மற்றப் போன்களின் திரை மங்கிவிடும். இதன் பெரிய எழுத்து கடல் வெளிச்சத்திலும் தெரிந்தது. அதை நானும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். கம்பெனி தந்த புத்தகத்தில் அது எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு கண்டக்குழியில் இருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் போனின் பெயரைச் சொல்லவில்லை. "அந்தப் பதினொரு பாகம் போன் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். ஏழெட்டுப் படகுகளில் அது ஏறிவிட்டது. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த பார்களைப் புள்ளி போட்டு வைத்தார்கள். அதை மற்றவருக்குக் காட்டாமல் எப்படிப் பூட்டி வைப்பது என்று தனித்தனியாக என்னிடம் வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

நானாவும் மாறிவிட்டார். ஒரு கிழமைக்கு என்று வாங்கிய போனை இரண்டு மாதமாகத் திருப்பித் தரவில்லை. வருகிறவரிடம் "கடலுக்குப் போறவரா நீங்க?" என்று அவரே கேட்பார். ஓம் என்றால் என் மேசைக்கு அனுப்புவார். வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்றால் தானே கவனித்துக்கொள்வார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமலே ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. பகலில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தால் அவர் வீட்டு மீன் பொரியல் என் பக்கமும், அம்மா வைக்கிற சம்பல் அவர் பக்கமும் போகும்.

பகுதி மனேஜர் ஒருநாள் வந்து, இந்தச் சின்ன ஊரில் எப்படி விற்கிறது என்று கேட்டார். கண்டக்குழிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். மாமாவின் படகில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். மீனவர்களுக்கென்று ஒரு விளம்பரம் போடும்படி கொழும்புக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதியுமிருப்பார். ஆனால் வந்தது அதே சிரிக்கும் பெண்ணின் இன்னொரு படம்தான், இந்தமுறை அவள் கையில் கோப்பிக் கோப்பை இருந்தது.

அந்தச் செயலியும் ஒருவழியாக வந்தது. வந்தபோது படம் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக இழுத்தது. அதற்குள் மற்றப் போன்களின் விலை இறங்கிவிட்டது. சிக்னல் இல்லாமல் மெப் பார்க்கிற வசதி அவற்றிலும் வந்தது. கண்டக்குழிக்காரர்கள் போன் மாற்றும்போது அந்தப் பக்கம் போனார்கள். மாமாவும் போனார். எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. புதியதில் தன் புள்ளிகளை ஏற்றித் தரும்படி என்னிடம்தான் வந்தார். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தேன்.

பிறகு கம்பெனி அந்த வகைப் போன் செய்வதையே நிறுத்திவிட்டது. பகுதி மனேஜர் ஒரு வான் வண்டியில் வந்து மேசையையும் பலகையையும் ஏற்றினார். நான் ரீசேட்டுகளைத் தோய்த்து மடித்துக் கொடுத்தேன். அவற்றைத் திருப்பித் தரத் தேவையில்லை என்று கூச்சத்தோடு சொன்னார். அவருக்கும் அன்றோடு அந்த வேலை முடிகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முதலாளி அவரை உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்து அனுப்பினார்.

மேசை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. நான் கைப்பையை எடுத்தேன்.

"நாளக்கி எத்தின மணிக்கி வாறீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"வேலை முடிஞ்சுதே முதலாளி."

"கம்பெனிட வேலதானே முடிஞ்ச. ஒம்பது மணிக்கே வாங்க. நானா தனிய நிண்டு என்ன செய்யிற?"

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கடைக்காரரே சம்பளம் தருகிறார் என்றதும் அவருக்கு நிம்மதி. "இப்பதான் விளங்குது" என்றார்.

அந்தக் கடையில் நாலு வருடம் நின்றேன். இப்போது நுரைச்சோலையில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் மின்சார நிலையத்தில் வேலை செய்கிறார். திரை மாற்றுவது, பற்றரி மாற்றுவது எல்லாம் நானே செய்வேன். நானா கற்பிட்டிக் கடையில் பங்காளியாகிவிட்டார். ஏதாவது சாமான் கிடைக்காவிட்டால் இருவரும் ஒருவருக்கொருவர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவோம். வருகிறவர்கள் என்னையும் இப்போது, "நல்லது ஒண்டு தாங்க" என்றுதான் கேட்கிறார்கள். யாரோடு பேசுவீர்கள், எங்கே கொண்டு போவீர்கள் என்று நான் கேட்டால் சிலருக்கு அலுப்பாக இருக்கும். பெரும்பாலானவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்குவார்கள். அப்படி வீட்டுக் கதை, தோட்டத்துக் கதை, மகன் வெளிநாடு போன கதை எல்லாம் கேட்டுத்தான் என் பொழுது போகிறது. வியாபாரம் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறது. எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவோம். சின்னவன் இன்னும் அலைக்குப் பயப்படுகிறான். என் கையை விடாமல் கணுக்கால் நனையும் வரைக்கும் வருவான். போன ஞாயிறு முழங்கால் வரைக்கும் வந்தான்.